எங்க வீட்டு ஹால்ல எடுத்த நாடகம்

...நாடகம் எடுக்க வந்தவங்க செவுத்தையே சுரண்டிட்டாங்க தங்கச்சி. அந்தத் துணி வாளியைக் கீழ வச்சிட்டு எட்டிப் பாருங்க, டிவிக்குப் பின்னால. பளபளன்னு பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தேன். ஏழை வீடு மாதிரி இல்லையாம். வீடு கேக்க வந்தப்ப மட்டும், "நாங்க தேடுன வீடு இதுதாம்மா"ன்னாங்க. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

நீங்க மாடிக்குக் குடி வர்றதுக்கு முந்தி எடுத்தது. இப்ப தினம் சாயங்காலம் ஓடுது. ஸ்கூல் முடிச்சிட்டு, மேல படிக்க வழியில்லாம, வேலையும் கெடைக்காம சுத்துற புள்ளைங்க கதை. இதை டிவியில வேற பாக்கணுமா? எங்க தெருவுல வந்து நின்னா போதாது? எங்க வீட்டுக்காரர் போட்டோவைக் கூடக் கழட்டிட்டாங்க. கதைப்படி அப்பா ஓடிப்போயிட்டாராம். அதுலேருந்து எங்க வீட்டுக்காரரு டிவி பக்கமே திரும்புறதில்ல.

அந்தா, டிவியில வர்றா பாருங்க, அந்தப் பொண்ணுதான். எங்க ஜன்னல்கிட்ட உக்காந்து வேலை இல்லைன்னு அழுவுது. நகத்தைப் பாருங்க. தொடப்பத்தைப் புடிக்கிறதைப் பாருங்க, கைக்குழந்தையத் தூக்குற மாதிரி. எங்கிருந்தோ கார்ல கூட்டிட்டு வந்தாங்க.

இருங்க, துணி எங்க ஓடிடப்போவுது.

அந்த டைரக்டர் தம்பி மொதல்ல என்கிட்டதான் கேட்டான். "நடிக்கத் தெரியாட்டியும் பரவால்லம்மா, நெசமாவே வேலை கெடைக்காத பொண்ணு வேணும், சம்பளம் உண்டு, உங்க வீட்டுல யாராச்சும் இருக்காங்களா?" வாசல்ல பாதித் தெரு நிக்குது. எதிர்வீட்டு டெய்லரம்மா காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறா. மானம் போவுதேன்னு, "எங்க வீட்டுல அப்பிடியெல்லாம் யாரும் இல்ல, எம்பொண்ணு ஆபீஸ்ல வேலை பாக்குறா"ன்னுட்டேன். வேலை கெடைக்காத எம்பொண்ணு டீ டம்ளரோட என் பின்னாடியே நிக்கிறா.

...ஆமா. எல்லாம் என் வாய்தான். எத்தனை எடம் ஏறி எறங்குனா. வீடு தேடி வந்த ஒரே வேலை, அதையும் நானே...

சொன்னதைக் காப்பாத்தணும்ல. தினம் காலையில டிபன் பாக்ஸைக் கட்டிக்கிட்டுக் கெளம்பிடுறா. பார்க்குல உக்காந்திருந்துட்டு சாயங்காலம் வர்றா. டெய்லரம்மா வேற, "லீவே தரமாட்டாங்களா?"ன்னு கேக்குறா.

உங்ககிட்ட ஏன் கொட்டுனேன்னு தெரியல. மனசு தாங்கல... ஷ், இதோ வர்றா. நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க. எதிர்வீட்டுக் கதவு தெறந்திருக்கு.

ஏம்மா, இன்னிக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா?

...கேட்டீங்களா தங்கச்சி? சிரிச்சிக்கிட்டே "ஆமாம்மா, ஜாஸ்திதான்"னு சொல்லிட்டுப் போறா. அந்த நாடகத்துல ஒருத்திக்காவது இப்பிடி நடிக்க வருதா?