கம்பிக்கு வெளிய செல்லாத நோட்டு

கைய எடுங்க சார். அந்தக் கண்ணாடிக்குக் கீழ இருக்குற நோட்டு விக்கிறதுக்கில்ல. வெளக்கு, பித்தளைக் குண்டா, வெள்ளைக்காரன் காலத்துக் காசு, எதுக்குன்னாலும் பேரம் பேசுங்க. பதுளை பஜாருலயே பெரிய வாய் இந்த யேசுரத்தினத்துக்குத்தான். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துலேருந்து வெறுங்கையோட எறங்கி, பேசிப் பேசியே இந்தக் கடையப் புடிச்சவன்.

என்னா, வெலைய ஏத்துறீங்களா? கொழும்புக்காரர் நீட்டுனா எல்லாத்தையும் வித்துரணுமா? காசப் பைக்குள்ள வையுங்க சார், கோவம் வருது.

சரி சரி, உக்காருங்க. நோட்டு சேக்குறவரு, ஒங்களுக்குத் தெரியாததா. ஹிட்லர் ஆளுங்க யூத சனங்களக் கம்பிக்குள்ள அடைச்சு, இருந்த நல்ல காசையெல்லாம் புடுங்கிக்கிட்டு, இந்தக் கடுதாசியக் குடுத்தானுங்க. கம்பிக்கு வெளிய ஒரு வாய்த் தண்ணிக்கு ஆகாது. எப்புடி யாவாரம்! எங்க பூட்டன் காலத்துக் கோப்பித் தோட்டத்துலயும் தொரை காசுக்குப் பதிலா, தோட்டத்துக்குள்ள மட்டும் செல்லுற தனி வில்லைதான் குடுத்தானாம். ஆனா அது வேற. இவனுங்க கொல்லுறதுக்குல்ல அடைச்சானுங்க.

எப்புடிக் கெடச்சிச்சா? என் மக ஜெசிந்தினி இஸ்ரேல்ல ஒரு கெழவியப் பாத்துக்குற வேலையில இருந்தா. மிரியம்னு பேரு. சின்னப் புள்ளையில அந்தக் கம்பிக்குள்ள கெடந்தது. இப்ப புத்தி தடுமாறி, இன்னும் உள்ளதான் இருக்கோம்னு நெனப்பு. விடிஞ்சா இந்த நோட்ட நீட்டி, ரொட்டி வாங்கிட்டு வான்னு சொல்லுமாம். இவ அத வாங்கிப் பையில வச்சுக்கிட்டு, நல்ல காசுல ரொட்டி வாங்கியாந்து குடுப்பா. ராவைக்கு நோட்ட மறுபடி தலகாணிக்கடியில சொருகிருவா. எங்கிட்ட வளந்தவ, யாருக்கும் ஒரு சதம் விடமாட்டா. அந்தக் கெழவிகிட்ட மட்டும் தெனம் தோத்தா.

இல்ல சார், அவ கொண்டாரல. அவளத்தான் பொட்டியில வச்சுக் கொண்டாந்தாங்க. ரொட்டிக் கடைக்குப் போறப்ப பஸ்ஸு அடிச்சிருச்சு. சட்டைப் பையில இது இருந்துச்சு.

வச்சுக்கிட்டு என்னா செய்யப் போறேன்னு கேக்குறீங்களா? நாளைக்குப் பூனாகலையிலேருந்து அகஸ்டினான்னு ஒரு புள்ள அதே வீட்டுக்கு வேலைக்குப் போகுது. கெழவி நோட்டக் காணாம வீட்டையே உருட்டுதாம். என் மக கடைசியாத் தொட்டது சார். குடுப்பமா வேணாமான்னு காலையிலேருந்து எனக்கும் எனக்குமே பேரம்.

குடுத்துருவேன். கெழவிக்கு யாரும் எதுவும் சொல்லல. ஜெசிந்தினி கடைக்குத்தான் போயிருக்கான்னு வாசலப் பாத்துக்கிட்டு இருக்காம். கெழவி ஒன்ன என் மக பேரச் சொல்லிக் கூப்புட்டா, நான் அவ இல்லன்னு மட்டும் சொல்லிறாத தாயின்னு, அந்தப் புள்ள கால்ல விழாத கொறையாக் கெஞ்சியிருக்கேன் சார்.