தாய்மாமன் வரணும்

ஹலோ... ஹலோ, கமுந்திங் பேக்டரிங்களா? மாயாண்டி அண்ணன் இருக்காரா? அவரு தங்கச்சி நல்லம்மா, சித்தியவான்லேர்ந்து... ஆமா, ஆமா, வேலையிலதான் இருப்பாரு, அவசரம்னு சொல்லுங்க... சரி, நிக்கிறேன்.

அண்ணே? நான்தான்... ஐயோ, யாரும் சாகலைண்ணே! எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். மீரா சாஹிப் கடை முன்னால காசு போன்லேர்ந்து பேசுறேன். சில்லறை தீர்றதுக்குள்ள கேளு. சனிக்கிழமை நீ என் மக பாப்பாவோட ஸ்கூலுக்கு வரணும்...

ஓவர்டைமா? அது கிடக்கட்டும் லா! ஈப்போ சங்கம் ஒண்ணு ஸ்கூலுக்குச் சின்னதா மானியம் கொடுத்திருக்கு... ஆமா, ஆமா, பிள்ளைங்க அவங்கவங்க குடும்பக் கதையத் தேடி எழுதணும். அப்பா வழியில ஒருத்தர், அம்மா வழியில ஒருத்தர் மேடையேறிப் பேசணும்... அப்பா வழிக்கு என் மாமனார் வாராரு. என் பக்கந்தான் காலி.

நவமணி டீச்சர் என் மூஞ்சியப் பாத்துட்டு, அம்மா வழி சீனர்னு எழுதிட்டாங்க... பெத்தவங்க சீனவங்கதான், யாரு இல்லேன்னா? வளத்தது நம்ம அம்மால்ல? அதோட விட்டாங்களா! மானியத்துல பாப்பாவுக்குச் சீனச் சட்டை தைக்கத் துணியே எடுத்துட்டாங்கண்ணே!... சிரிக்காத! பாப்பா ஒரே அழுகை. "எங்க மாமா மடியில உக்காந்துதான் காது குத்திக்கிட்டேன், மாமாவக் கூட்டிட்டு வாரேன்"னு வகுப்பு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா.

என்னது?... என் சொந்தக்காரங்களத் தேடவா? அப்ப நீ யாரு? பக்கத்து லயத்து வீட்டு ஆளா? நல்லா வாயில வருது எனக்கு!... ம்... ம்... பயமா? நான் அவங்களத் தேடிப் போயிருவேன்னா? இத்தன வருசமாவா? அட மக்கு அண்ணே... அழுவாத. கூட வேல செய்றவங்க பாக்கப் போறாங்க.

சரி, நான் எப்படி வந்தேன்னு மேடையில சொல்லணுமே. அம்மாதானே போயி என்னைய வாங்கிட்டு வந்துச்சு?... இல்லையா? பின்ன யாரு?... நீயா! எட்டு வயசுலயா?... ம், காய்கறித் தோட்டத்துச் சீனம்மா... அஞ்சாவதும் பொட்டப்புள்ள... யாராச்சும் எடுத்துக்கங்கன்னு சொன்னாங்க, சரி, உடனே நீ... வீட்டுல கேக்காமலா? அலாமாக், ஐயையோ! கீரை வாங்கப் போன இடத்துலயா? உன் சட்டையக் கழட்டி என்னையச் சுத்தித் தூக்கிக்கிட்டா வந்த?

அம்மா அடிக்கல?... ரெண்டு போட்டுச்சா! நல்லா வேணும்... போட்டுட்டு?... சத்தமா சொல்லு, அங்க மிஷின் சத்தம்... "தூக்கிட்டு வந்தவன்தான் பாத்துக்கணும்"னு சொல்லுச்சா?

...

இல்ல, இருக்கேன். கடைசிச் சில்லறையப் போட்டுக்கிட்டிருந்தேன்.

அப்ப சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வா. வந்து பாத்துக்க... வாரியா? சத்தியமா?... அண்ணே, காசு முடிஞ்சிரு—