படகோட்டப் படித்தவர்

இந்த நாற்காலி முட்டிக்கு ஆகவில்லை, அம்மணி. நடந்துகொண்டே சொல்கிறேன். நீங்கள் இன்ஸ்பெக்டர், உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

தலை நரைக்கும்வரை லாரி ஓட்டினேன். நாமக்கல்லிலிருந்து நாக்பூர், கான்பூர் என்று போய்த் திரும்பியிருக்கிறேன். யாரும் எனக்கு வகுப்பு எடுத்ததில்லை. அதனால்தான், படகோட்ட வகுப்புக்குப் போகிறேன் என்று மாப்பிள்ளை யோகேஷ் சொன்னபோது சிரித்தேன். புதுச்சத்திரம் பக்கத்து ஏரி நிறைந்ததும், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களைச் சுற்றிக் காட்ட இரண்டு மோட்டார் படகு வாங்கியிருந்தோம். ஒன்றை அவர் ஓட்டினார், ஒன்றை நான்.

வகுப்பு முடித்து வந்தவர் வேறு ஆள். இத்தனை பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பார். காற்றடித்தால் படகே எடுக்கமாட்டார். மிதக்கிற லைஃப் ஜாக்கெட் மாட்டாதவருக்கு இடமில்லை. ஒருநாள் வந்த சனத்தின் முன்னால் என் படகுச் சாவியைக் கேட்டார்.

“மாமா, நீங்களும் அந்த வகுப்புக்குப் போய்ட்டு வந்து ஓட்டுங்க. அதுவரைக்கும் கரையில உக்காந்துக்குங்க.”

“ஏனுங்க மாப்ள, தண்ணிக்குள்ள எங்கீங்க டிராபிக் போலீஸ் நிக்கறாரு?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் நீட்டிய கையை மடக்கவில்லை. கொடுத்துவிட்டேன். வாங்கிக் கொட்டகை ஆணியில் மாட்டினார்.

அன்றிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். “கால் வலிக்கலீங்களாப்பா?” என்பாள் மகள் அறிவுச்செல்வி. வலித்தது காலா?

அந்த ஞாயிறு செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. படகின் பின்னடியில் தண்ணீர் வடிக்க ஒரு துளை உண்டு; அதற்குத் திருகுமூடி. கிளம்பும் முன் மாப்பிள்ளை அதைக் கையால் தடவிப் பார்ப்பார். அதுவும் வகுப்பில் படித்ததுதான். பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஜாக்கெட் மாட்டப் போனார். நான் கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்து மூடியைத் திருகி எடுத்தேன். கெட்ட எண்ணம் இல்லை. நடு ஏரியில் கொஞ்சம் தண்ணீர் ஏறட்டும், படித்தவர் முழிக்கட்டும், நான் போய் இழுத்துவருகிறேன் என்றுதான்.

பிறகு போய்க் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டேன். அவருடைய ஜாக்கெட்தான் என் முதுகுக்கு அணை.

“மாமா, அது எனக்கு வேணுமுங்க.”

“மாப்ளைக்கு நீச்சல் தெரியாதுங்களா? கெழவன் முதுகுக்கு இருக்கட்டுமுங்க.”

அந்தக் குடும்பத்து ஆண்கள் சிரித்தார்கள். மாமனாரை நாலு பேர் முன்னால் எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. சாவி வாங்கியதே உறுத்தியிருக்கும். வெறும் சட்டையோடு ஏறினார். மூடி என் மடியில் இருந்தது.

நினைத்ததைவிடச் சீக்கிரம் தண்ணீர் ஏறியது. பயந்து எல்லாரும் ஒரே பக்கம் சாய, படகு கவிழ்ந்துவிட்டது. அவர் முழிக்கவில்லை, அதையும் எழுதுங்கள். குழந்தையைக் கவிழ்ந்த படகின் மேல் ஏற்றினார். மற்றவர்களைக் கைகோத்து மிதக்கச் சொன்னார். சொன்னபடி செய்ததால் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஆள் மட்டும் பயத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவனை விலக்கிப் படகைப் பிடிக்க வைப்பதற்குள் அவர் சோர்ந்துபோனது கரையிலிருந்தே தெரிந்தது.

நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் படகில் ஏறி, மோட்டாரை ஓடவிட்டு நின்றேன். கட்டியிருந்த கயிற்றை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாகக் கை சும்மா இருக்கவில்லை. அவர்கள் ஜாக்கெட்டில் தொங்கிய விசிலை ஊதினார்கள். விசிலுக்கு ஓட நான் கிளீனர் இல்லை. மாப்பிள்ளை வாயால் கூப்பிடட்டும் என்றிருந்தேன்.

கூப்பிட்டார், அம்மணி. “மாமா” என்று தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றேன்.