பதினைந்தாம் நம்பர் பலகையும் என் காளையும்

என் பெயர் ஹனீபா. தகப்பனார் பெயர் ஷம்சு. வயது முப்பத்தெட்டு. பா என்ற டவுனுக்கு வெளியே, பள்ளிக்கூட வளைவை ஒட்டிய தோட்டத்தில் குடியிருந்து கரும்பு விவசாயம் செய்கிறேன். தமிழர் சங்கம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் நான்காவது வரை படித்தேன். ஐந்தாவதுக்குள் என்னை விடவில்லை. பொது ரோட்டில் காளையைக் கட்டி, ரோடு ஓவர்சியர் ரூபர்ட் அவர்களின் காரைப் பள்ளத்தில் இறக்கினேன் என்ற புகார் இந்த ஸ்டேஷனில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. காளையைக் கட்டியது நான்தான். காரை இறக்கியது அவர்.

அந்த வளைவில் முன்பு முப்பது மைல் என்று சிவப்பு வட்டம் போட்ட பலகை இருந்தது. போன கரும்பு வெட்டின்போது கரும்பு ஏற்றும் டிரைவர் ஏழுமலையின் லாரி என் மகள் சபூராவை இடித்து, மணிக்கட்டு முறிந்தது. ஏழுமலையே அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அதன் பிறகு ஓவர்சியர் முப்பதைப் பிடுங்கிவிட்டு, வெள்ளைப் பலகையில் கறுப்பு மையால் 15 என்று மட்டும் எழுதி நட்டார். எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டும் கேங் எந்த வயலில் இறங்கினாலும் தன் நம்பரை இதே மாதிரி வெள்ளைப் பலகையில் எழுதி ரோட்டோரம் நடும். ஆகவே பதினைந்தாம் கேங் வந்திருக்கிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். என் கரும்பு எப்போது வெட்டப்படும் என்று கேங்கின் தலைவரான சர்தாரைக் கேட்க வயலுக்குள் போய், கொசுக்கடி வாங்கித் திரும்பினேன். அங்கே கேங் இல்லை; 15 என்பது மைல் வேகம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அதன் பிறகு லாரிகள் பழைய வேகத்திலேயே போனதைக் கண்டு ஏழுமலையை மறித்துக் கேட்டேன்.

"கேங் நம்பர்னுல்ல நெனச்சேன் பாய். ரோடு அதே ரோடுதானே, காலும் அதே மாதிரிதான் மிதிக்குது" என்றான்.

அதன் பிறகு ஓவர்சியரிடம் போய், ரோட்டின் குறுக்கே ஒரு மேடு போடும்படி கேட்டேன். அவர் தலை நிமிராமல், "போர்டு மாத்தியாச்சு, எங்க வேலை முடிஞ்சுது. ஓட்டுறவன் பக்கத்துல உக்காந்து நான் படிச்சுச் சொல்லணுமா?" என்றார். என் அதட்டலுக்கு வீட்டுக் கோழிகூட நகராது. அன்று திரும்பிய வேகத்தில் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. எடுக்காமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு, சபூரா அந்த வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடிக் கடக்கிறாள் என்று என் மனைவி கைருன்னிசா சொன்னாள். மறுநாள் கரும்புக்குள் மறைந்து நின்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் ஓடினாள்.

அதற்கடுத்த நாள் முதல், பள்ளிக்கூடம் தொடங்கும்போதும் விடும்போதும் காளையை நீளக் கயிற்றில் அந்தப் பலகைக் காலிலேயே கட்டினேன். அது தன் இஷ்டப்படி நடு ரோட்டில் நின்றது. லாரி, பஸ், டாக்சி எல்லாம் ஆள் நடக்கிற வேகத்தில் போயின.

"நாலாவது படிச்ச நீங்க சொல்லிக் கேக்காதவன், ஒண்ணும் படிக்காத மாடு சொன்னா கேக்குறான் பாருங்க" என்றாள் கைருன்னிசா.

சம்பவத்தன்று ஓவர்சியரின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. அது பதினைந்து மைல் அல்ல. வளைவுக்கு முன்னால் நிற்கும் மாமரத்திலிருந்து பள்ளம் வரை டயர் இழுத்த தடத்தைக் கான்ஸ்டபிளே பார்த்திருக்கிறார். பலகை நட்டவருக்கே பலகை தெரியவில்லை, காளை தெரிந்தது. கார் பள்ளத்தில் இறங்கியபோதும் காளை தோகை மென்றுகொண்டிருந்தது. அவர் வெளியே வந்து, "போர்டுல கொண்டாந்து மாட்டைக் கட்டியிருக்கியே, அறிவிருக்கா?" என்று கத்தினார். "அந்த போர்டுல என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டேன். அவர் உடைந்த விளக்கைக் குனிந்து பார்த்தார். அதன் பிறகு நான் திட்டியது உண்மை. இன்னும் திட்டுவேன். என் மகளின் கை முறிந்தபோது வராத போலீஸ், அவர் காரின் விளக்கு உடைந்ததும் வந்தது.

காளை இப்போது இந்த ஸ்டேஷனுக்குப் பின்னால் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அது நின்ற இடத்தில் நேற்று முதல் நான் நிற்கிறேன். அதன் அகலம் எனக்கு இல்லை. என்னைக் கைது செய்வதானால், பிள்ளைகள் வளைவைக் கடந்த பிறகு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டது முழுவதும் நான் சொல்ல எழுதப்பட்டது, பொய் கலக்கவில்லை. திரும்ப வாசிக்கக் கேட்டு, வசவுச் சொல்லை மட்டும் அடித்துவிடச் சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஹனீபா