கல் சங்கத்தின் புதிய தலைவி

உங்கள் மேசைமேல் இருக்கும் பேப்பர் வெயிட் பளிங்கு இல்லை ஐயா, வெறும் கண்ணாடி. பளிங்கென்றால் தொட்டவுடன் விரல் சில்லிடும்; உள்ளே இப்படிக் காற்றுக் குமிழும் இருக்காது. குறை சொல்லவில்லை. கல் மாதிரி எதையாவது பார்த்தால் கையில் எடுக்காமல் இருக்க முடியாது எனக்கு, அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கல் சங்கத்தை ஆரம்பித்தவன் நான். நூலகத்தின் மாடியறையில் ஞாயிறுதோறும் கூடுவோம். பேக்கரிக்காரர், வங்கியில் கேஷியராக இருப்பவர், தையல்கடை வைத்திருக்கும் அக்கா தங்கை, இன்னும் சிலர். ஆளுக்கொரு கல்லைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைப் போக்குவோம். கத்திமுனையால் கீறி, எது கடினம், எது மிருது என்று பார்ப்போம். ஒன்றும் தெரியாத கூட்டம். மைக்காவைப் பார்த்து வெள்ளி என்று குதிப்பார் பேக்கரிக்காரர். "வீட்ல நாங்க அரிசியில கல்லு பொறுக்கறோம், நீங்க கல்லுல என்னத்தைப் பொறுக்கறீங்க?" என்று அவர் மனைவி கேட்டாராம், அதை வாராவாரம் சொல்லி அவரே சிரிப்பார். பொறுத்துக்கொண்டேன். நான் சொல்வதைக் கேட்டார்கள், எனக்கு அது போதும்.

பிறகு டீச்சர் வந்தார். வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். வந்த அன்றே என் பெட்டியில் இரண்டு கற்களின் பெயர்ச்சீட்டை இடம் மாற்றி வைத்தார். என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார், ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. "கல்லுளிமங்கன்னா இவர்தான். சங்கத்துக்கு ஏத்த ஆளு" என்றார். அறையே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். கண்ணாடி மாற்ற வந்த கேஷியர்கூட, கடையில் நாலு பேர் இருக்கும்போது, "என்ன கல்லுளி சார்" என்றார்.

அதையும் விட்டுவிட்டேன். எங்கள் சங்கத்துக் கண்காட்சியில் நடந்ததைத்தான் விட முடியவில்லை.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. அங்கே நானே உடைத்தெடுத்த மரகதம் என்று ஒரு கல்லை வருஷா வருஷம் நடுமேசையில் வைப்பேன். வெள்ளைப் பாறைத் துண்டில் விரல்நுனி அளவு பச்சைப் படிகம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்ப்பார்கள். டீச்சர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "தொடலாமா சார்?" என்றார். அத்தனை பேர் நடுவில் எப்படி மாட்டேன் என்பது? கைப்பையிலிருந்து நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தை எடுத்தார். பஞ்சில் தொட்டு, படிகத்தின் அடியில் ஒற்றிக்கொண்டே இருந்தார். பச்சைக்கல் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"பசை சார். ஒட்டுக்கல்லு."

கழுவும்போது கழன்றுவிட்டது, திரும்ப ஒட்டினேன் என்று அன்று சொன்னேன். இப்போது மறைக்க ஒன்றுமில்லை. படிகத்தைக் கடையில் வாங்கினேன். பாறை நம் குவாரிப் பாறை. படிகமும் நிஜம், பாறையும் நிஜம். சேர்த்து வைத்தது மட்டும்தான் நான். இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் டீச்சரைத் தலைவியாக்கினார்கள். நானும் கை தூக்கினேன்.

குவாரிக்குப் போகும்போதெல்லாம் முதலில் இறங்குகிறவன் நான்தான். சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே போவேன். கெட்டிப் பாறை கணீரென்று பேசும். உள்ளே விரிசல் விட்ட பாறை டொக்கென்று செத்த ஒலி தரும். அங்கே சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். குறி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் யாரும் போக மாட்டார்கள். அந்த விஷயத்தில் மட்டும் டீச்சர்கூட என் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை. மேற்குச் சுவரில், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பாறைக்குக் கீழே, பெரிதாக ஒரு குறி இருந்தது. மழை படாத இடம், அதனால் அழியாமல் இருந்தது. ஈரத்துணி கொண்டுபோய்த் துடைத்தேன். நான் எந்தக் கல்லையும் உருட்டவில்லை ஐயா. நான் போட்ட குறியை நானே அழித்தேன்.

மூக்குக்கண்ணாடியின் ஸ்க்ரூவை முடுக்கிக்கொள்ள டீச்சர் கடைக்கு வந்தபோது சொன்னேன்: "மேற்குச் சுவரோட அடியில பச்சை தெரியுது டீச்சர். நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க. வெளியில மட்டும் சொல்லிடாதீங்க. இல்லேன்னு ஆயிட்டா மறுபடியும் சிரிப்பாங்க."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சொல்ல மாட்டேன் சார்" என்றார்.

கடை விடுமுறை நாளில் போனோம். அவர் தன் ஸ்கூட்டரில் வந்தார். கீழே இறங்கும் வழியில் நின்று என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. வீட்டுக்குப் போனதும் எங்க வீட்டுக்காரர்கூடத் திட்டினாரு. மனசுல வெச்சுக்காதீங்க சார்."

"அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு டீச்சர். மேற்குச் சுவருக்குப் போனதும் நல்லா உள்ள தள்ளி உக்காந்து அடிங்க. அங்கதான் நல்லாத் தெரியும்."

அவர் மண்டியிட்டு உட்கார்ந்து உளியை வைத்து அடித்தார். நான் வெளியே வெயிலில் நின்றேன். சுவர் சரிய அதிக நேரம் ஆகவில்லை.

தூசி அடங்கியதும் போய்ப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே முழுக்கப் பாறை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. "சார், இங்க டவர் கிடைக்காது. ரோட்டுக்கு ஓடுங்க" என்றார். தெளிவாகத்தான் பேசினார். போனேன். ரோட்டோரம் நிழலில் நின்றேன். லாரி ஒன்று வந்தது, போனது. ஒரு குடும்பம் காரில் போனது. பின்சீட்டிலிருந்து ஒரு குழந்தை கையசைத்தது, நானும் அசைத்தேன். திரும்பி வந்து, "சொல்லிட்டேன் டீச்சர், வந்துட்டிருக்காங்க" என்றேன். அவர் முகத்தில் என்னவொரு நிம்மதி. அதைக் கொடுத்தது நான்தான். தண்ணீரும் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்தேன்.

டீச்சர் வீட்டைப் பற்றிப் பேசினார். "அவருக்கு எந்த மாத்திரை எப்பன்னு தெரியாது சார். நான்தான் எடுத்துக் கையில குடுக்கணும்." கேட்டுக்கொண்டேன். வெயில் எதிர்ச்சுவருக்கு நகர்ந்தது. அப்போதுதான் அவர் என்னையே பார்க்கத் தொடங்கினார்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லல, இல்ல?"

முகத்துக்கு நேரே கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. தண்ணீர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தேன்.

"உங்க மரகதம் நிஜம்தான் சார். சங்கத்துல நானே சொல்றேன். எழுந்து போங்க சார், யாரையாவது கூப்பிடுங்க."

விஞ்ஞானம் படித்தவர் உயிருக்குப் பயந்து இப்படி மாற்றிப் பேசலாமா என்று வருத்தமாக இருந்தது. அவர் மேல் எனக்கிருந்த மரியாதை அப்போது கொஞ்சம் குறைந்துவிட்டது. அதற்குப் பிறகு தன் வீட்டுக்காரரை இரண்டொரு தடவை கூப்பிட்டார். பொழுது சாயும்போது அதுவும் நின்றது.

மறுநாள் குவாரியில் நின்ற ஸ்கூட்டரை வைத்துத்தான் டீச்சரைத் தேடி எடுத்தார்கள். இரங்கல் கூட்டத்துக்கு நான் தலைமை தாங்கினேன். தனியாகக் குவாரிக்குப் போகக் கூடாது என்பது நம் சங்கத்தின் முதல் விதி, அதை மீறியதால் வந்த வினை என்று பேசினேன். தையல்கடை அக்கா தங்கை இருவரும் அழுதார்கள். பேக்கரிக்காரர் என்னையே மறுபடியும் தலைவராக இருக்கச் சொன்னார். கடைசி வரிசையில் டீச்சரின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், அதிகம் பேசாதவர். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தார்.

"சார், கடைசி நேரத்துல அவ தனியாவே கெடந்தாளா?"

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

அத்தோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். மனிதர் கடைக்கு வர ஆரம்பித்துவிட்டார். கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. வந்து பெஞ்சில் உட்காருவார். சட்டைப் பித்தானை மேலும் கீழும் மாற்றிப் போட்டிருப்பார். வாடிக்கையாளர்கள் போகும்வரை காத்திருந்து அதையே கேட்பார். "யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தாக்கூட மனசு ஆறும் சார்." நானும் மனிதன்தானே, எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

எழுதிக்கொள்ளுங்கள். குறியை அழித்தது நான். அந்தப் பாறைக்கடியில் உட்காரச் சொன்னது நான். ரோடுவரை போய் வெறுமனே திரும்பி வந்தது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் யாரையாவது அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் மனைவி தனியாகக் கிடக்கவில்லை, மூச்சு நிற்கும்வரை நான் பக்கத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லச் சொல்லுங்கள். பாவம், கேட்டால் ஆறுதலாக இருக்கும்.