சுத்திக்கிட்டே இருக்கு

அய்யாக்கண்ணு: பாரு நாகம்மா… இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. டிக்கெட் பக்கம் பாதி வந்து நின்னுடுச்சு.

நாகம்மா: லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இன்ஜினையே பிரிச்சு மாட்டுன மனுஷன். ஒரு கம்ப்யூட்டருக்குப் போயி…

அய்யாக்கண்ணு: கிண்டல் நக்கோ, வேணாம். டிவிய ஆஃப் பண்ணு.

நாகம்மா: டிவி என்னங்க பண்ணுச்சு?

அய்யாக்கண்ணு: உன் சீரியலும் இந்த நெட்டுலதான வருது? உன் போன்லயும் வைஃபைய எடு.

நாகம்மா: எடுத்தாச்சு.

அய்யாக்கண்ணு: என்னுதையும் எடுத்துட்டேன். இப்போ கம்ப்யூட்டர்…

நாகம்மா: அதையே ஆஃப் பண்ணிட்டா, வேகமா வருதான்னு எதுல பாப்பீங்க?

அய்யாக்கண்ணு: சும்மா இரு. மோடத்தப் பாரு. எல்லாத்தையும் நிறுத்தியாச்சு, லைட்டு மட்டும் படபடன்னு அடிக்குது.

நாகம்மா: அது… சும்மாவே அடிக்கும்.

அய்யாக்கண்ணு: கைக்கு? எதுக்கு சும்மா அடிக்கும்? யாரோ நம்ம லைன்ல இருக்காங்க.

நாகம்மா: மேல் வீட்டு பானுவா இருக்கும். நான்தான் பாஸ்வேர்ட் குடுத்தேன்.

அய்யாக்கண்ணு: பானு ஆபீஸ் போயிட்டா. நான் பாத்தேன்.

நாகம்மா: அப்போ… அவ தம்பி.

அய்யாக்கண்ணு: பானுவுக்கு ஏது தம்பி?

நாகம்மா: ஏதோ… தூரத்து சொந்தம்.

அய்யாக்கண்ணு: நகரு. பிளக்கு கிட்ட போகணும்.

நாகம்மா: வேணாங்க. கைய வைக்காதீங்க.

அய்யாக்கண்ணு: ஏன் வழிய மறிக்கிற?

நாகம்மா: கொஞ்ச நேரம் பொறுங்க… உங்க கால்ல விழறேன். மேல இருக்கறது நம்ம பையன் குமரவேலு.

அய்யாக்கண்ணு: எந்திரி மொதல்ல.

நாகம்மா: அவனுக்கு வேலை போயிடுச்சுங்க. உங்ககிட்ட சொல்லல. இப்போ இன்டர்வியூ நடக்குது, வீடியோவுல. சனத்நகர்ல அவங்க இருக்கற ரூம்ல நெட்டு நிக்கவே மாட்டேங்குது. நான்தான் பானுகிட்ட சாவி வாங்கிக் குடுத்தேன்.

அய்யாக்கண்ணு: மெதுவா…

நாகம்மா: அந்தப் பொண்ணக் கட்டிக்கிட்டான்னு என் வாசப்படி மிதிக்காதன்னீங்க. மிதிக்கலையே… மாடிக்குத்தான போனான்? அவ பேரையே இந்த வீட்ல எடுக்கக் கூடாதுன்னீங்க. நானும் எடுக்கல.

அய்யாக்கண்ணு: மெதுவா பேசு நாகம்மா. மேல கேக்கும்.

நாகம்மா: திட்டறதுன்னா என்னத் திட்டுங்க. பிளக்க மட்டும் பிடுங்காதீங்க. இந்த வேலையும் போச்சுன்னா அவன் ஒடஞ்சு போயிடுவான்…

அய்யாக்கண்ணு: யாரு பிடுங்கறா? லூசா ஆடுது, அழுத்திவிடத்தான் போனேன்.

நாகம்மா: என்னது?

அய்யாக்கண்ணு: காலையில ஜெஸ்ஸி படிக்கட்டுல நின்னு உனக்குப் போன் பண்ணுச்சுல்ல… ‘அத்தை, டெஸ்ட் பண்ணிப் பாத்தோம், வீடியோல அவரு முகம் அப்படியே நின்னு நின்னு போகுது, என்ன பண்றது’ன்னு… பால் பாக்கெட்டோட நான் கீழ்ப்படியிலதான் நின்னேன். எனக்கு எதுக்குடி டிக்கெட்டு, நாம எங்க போகப் போறோம்? அவன் பேசி முடிக்கற வரைக்கும் டிவியப் போட்டுடாத.