கோணிய தாடை எடுத்த பாட்டு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஐயா செங்கல்வராயன் அவர்களே, அலையோடு வளர்ந்த ஆன்றோர்களே, மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு மணலில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

பல் மருத்துவனை மேடையேற்றிவிட்டீர்கள். பயப்படாதீர்கள், குறடு கொண்டுவரவில்லை! இதே பசியாவரத்து மணலில் சிறுவயதில் நான் கேட்டு மகிழ்ந்த வரதன் கதையைத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலம். அவர்கள் கப்பலுக்குத் துணிப்பொதி ஏற்றிப்போகும் படகுக்காரர்களுக்குப் பாட்டெடுப்பவன் வரதன். திரும்பிவரும் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். பாட்டு தப்பினால் இழுப்பு தப்பும். இழுப்பு தப்பினால் படகு கவிழும்!

ஒருநாள் அலை தூக்கியடித்ததில் துடுப்பு அவன் முகத்தில் மோதியது. இடப்பக்கப் பற்கள் போயின, தாடை விலகியது. கட்டு அவிழ்த்தபின் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கவில்லை. சோறும் இறங்கவில்லை, சொல்லும் எழவில்லை. பாட்டை மாரி என்பவன் எடுத்துக்கொண்டான். வரதன் கரைக்கே போகாமல், கஞ்சியையும் தள்ளிவைத்தான்.

மனைவி வேலம்மா விடுவாளா?

"இன்னாய்யா, பட்டினி கெடந்து சாவலாம்னு பாக்கிறியா?"

"மென்னா உசுரு போவுதுடி."

"அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் இருக்குதுல்ல? மெல்லு. நானும் உன்கூட மெல்றேன்."

முதலில் குழைந்த சோறு, பிறகு அவித்த மடவை மீன், பிறகு சுட்ட கருவாடு. தாடைத் தசை தவித்தது, துடித்தது, இழுத்துப் பிடித்தது. ஆனால், அன்பர்களே, கற்றுக்கொண்டது! பழைய கடியைத் தேடித் தேடி அலுத்த தசை, பற்கள் சந்திக்கும் புதிய இடத்தைக் கண்டுகொண்டது. வலக்கன்னம் திரண்டது, முகம் கோணியது, ஆனால் பசி தீர்ந்தது!

என்னம்மா கேட்கிறீர்கள்? பாட்டு என்ன ஆயிற்றா? இதோ வருகிறேன்!

வாடைக்காற்று வீசிய ஒரு நாள், மாரி இருந்த படகே அலையில் சிக்கியது. கரையில் கயிறு பிடித்தவர்கள் ஆளுக்கொன்றாய்க் கத்தினார்கள். அப்போது எழுந்தது ஒரு குரல். கூச்சல் கேட்டுக் கரைக்கு ஓடிவந்த வரதன் குரல்! 'ஏலேலோ' என்று வரவில்லை; 'ஏயேயோ' என்றுதான் வந்தது. சிரித்தார்களா? இல்லை! அவன் சொன்னபடியே அத்தனை பேரும் சொன்னார்கள். கயிறு ஒன்றாய் இறுகியது. படகு மணலேறியது.

மாரி நனைந்தபடி ஓடிவந்தான். "அண்ணா, இனிமே நீயே எடு!"

வேலம்மா முந்தானையில் முகம் புதைத்து அழுதாள்.

என் நைனா காலம்வரை இந்தக் கரை 'ஏயேயோ' என்றுதான் இழுத்தது. இப்போதும் என் காதில் கேட்கிறது. கடி மாறினால் தசை கற்கும் என்று கல்லூரியில் படித்தேன். அது கற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கூடவே மென்று சாப்பிட ஓர் ஆள் வேண்டும் என்பதை இந்த ஊரில்தான் படித்தேன். உங்கள் வீட்டில் மெல்ல முடியாமல் ஒருவர் இருந்தால், இன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்!

ஈரமணலில் இவ்வளவு நேரம் இருந்து கேட்ட உங்கள் அன்புக்கு நன்றி கூறி, என்னை வளர்த்த இந்தக் கரையை வணங்கி அமர்கிறேன்.